உலாவிகள் பல, எஞ்சின்கள் மூன்று

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் கையில் இருந்தது பொத்தான் வைத்த ஒரு சாதாரண ஜாவா போன். அதில் எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்து நிற்கவேண்டிய இடமெல்லாம் வெறும் பெட்டிகள். நண்பர் ஒருவர் வழி சொன்னார்: "ஓபரா மினி இறக்கிக்கோ. முகவரி அடிக்கிற இடத்துல 'ஓபரா:கான்ஃபிக்'னு போடு. சிக்கலான எழுத்துகளைப் படமாக் காட்டவான்னு ஒரு கேள்வி இருக்கும். அதை 'ஆம்'னு மாத்து." மாற்றினேன். அதே போனில், அதே பக்கம், கட்டங்கள் போய் முழுத் தமிழாக வந்து நின்றது.

அதன் பின்னால் நடந்தது எளிய ஏற்பாடு. பக்கத்தை என் போன் நேரடியாக எடுக்கவில்லை. ஓபரா நிறுவனத்தின் சர்வர் ஒன்று அதை எடுத்து, தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து, சுருக்கி, என் போனுக்கு அனுப்பியது. தமிழ் தெரியாத போனுக்காகத் தமிழை வேறொரு கணினி எழுதித் தந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் தபால்காரரே கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. உலாவி செய்வது அந்த வேலைதான். இணையதளம் அனுப்பும் கடிதம் நம் கண்ணுக்குப் புரியாத குறிகளால் ஆனது. உலாவி அதைப் பிரித்துப் படித்து நமக்குக் காட்டுகிறது. ஆகவே, எந்த உலாவி நல்லது என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடிதத்தைச் சரியாகப் படிக்கிறதா? படித்ததைப் பிறரிடம் சொல்லாமல் இருக்கிறதா? அதற்குக் கூலி கொடுப்பது யார்?

ஒரு பக்கம் உருவாகும் விதம்

முகவரியை அடித்து எண்டர் தட்டியதும் சர்வரிலிருந்து மூன்று வகைக் குறிப்புகள் வருகின்றன. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று சொல்வது எச்டிஎம்எல். எந்த நிறம், என்ன அளவு, எவ்வளவு இடைவெளி என்று சொல்வது சிஎஸ்எஸ். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். இவற்றை வாங்கிய உலாவி முதலில் பக்கத்தின் உறுப்புகளைக் கிளை கிளையாக ஒரு மரம்போல் அடுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு உறுப்பும் திரையில் எங்கே, எத்தனை அகலத்தில் உட்காரவேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பிறகு வண்ணம் தீட்டி, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திரைக்கு அனுப்புகிறது.

பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு முறைக்கும் உலாவிக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. நாம் பக்கத்தை விரலால் தள்ளும்போது அந்த அவகாசத்துக்குள் அடுத்த காட்சி தயாராகாவிட்டால், அதையே "திக்கித் திக்கி ஓடுது" என்கிறோம்.

தமிழ்ப் பக்கமென்றால் வேலை இன்னும் கொஞ்சம் கூடும். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பில் அது க என்ற குறியாகவும், அதன் பின்னால் ஒகர உயிர்க்குறியாகவும் சேமிக்கப்பட்டிருக்கிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் அதற்குப் பின்னும் நிற்கவேண்டும். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டை முன்னுக்குக் கொண்டுபோய் வைக்கும் இந்த வேலைக்குத் தனி மென்பொருள் இருக்கிறது. பயர்பாக்சிலும் குரோமிலும் அதன் பெயர் ஹார்ஃப்பஸ். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் அது. சஃபாரியில் இதையே ஆப்பிளின் கோர்டெக்ஸ்ட் செய்கிறது. என் பழைய போனில் இப்படி எதுவும் இல்லை. அதனால்தான் கட்டங்கள்.

குறிகளைப் படித்துக் காட்சியாக்கும் இந்த உள்பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். முகவரிப் பட்டை, டேப், புக்மார்க், நிறம் எல்லாம் அதன்மேல் போர்த்திய சட்டை.

பங்காளிகளும் அடுத்த வீட்டுக்காரரும்

குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இண்டர்நெட் என்று கடையில் பெயர்கள் நிறைய. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் இந்த ஆறுக்குள்ளும் இருப்பது பிளிங்க் என்ற ஒரே எஞ்சின். சஃபாரிக்குள் இருப்பது வெப்கிட். பயர்பாக்சுக்குள் இருப்பது கெக்கோ. அன்றாடம் உலகம் புழங்கும் உலாவிகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைக் கொண்டுதான் ஓடுகின்றன.

இவற்றில் இரண்டு பங்காளிகள். 1990களின் இறுதியில் லினக்ஸ் கணினிகளுக்கான கேடிஈ திட்டத்தின் தன்னார்வலர்கள் கேஎச்டிஎம்எல் என்ற எஞ்சினை எழுதினார்கள். 2003 ஜனவரியில் ஆப்பிள் சஃபாரியை அறிமுகப்படுத்தியபோது அந்த நிரலை எடுத்து வெப்கிட்டாக வளர்த்திருந்தது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோமை வெளியிட்டபோது அதுவும் வெப்கிட்டின்மேல்தான் நின்றது. 2013 ஏப்ரலில் கூகுள் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு பிளிங்க் என்று பெயர் வைத்தது.

கெக்கோவின் வம்சம் வேறு. 1993ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பீனாவும் மொசைக் உலாவியை எழுதினார்கள். எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது அதுதான். அடுத்த ஆண்டே ஆண்ட்ரீசன் நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார். மைக்ரோசாப்ட்டுடனான போட்டியில் நெட்ஸ்கேப் தளர்ந்தபோது, 1998ல் தன் உலாவியின் நிரலை உலகுக்கே திறந்துவிட்டது. அந்தத் திட்டம்தான் மொசில்லா. அதிலிருந்து 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 பிறந்தது.

முன்பு இன்னும் சில எஞ்சின்கள் இருந்தன. ஓபரா தன் சொந்த எஞ்சினான பிரெஸ்டோவை 2013ல் கைவிட்டது. மைக்ரோசாப்ட் தன்னுடையதைக் கைவிடப்போவதாக 2018 டிசம்பரில் அறிவித்து, 2020 ஜனவரியில் பிளிங்க் பூட்டிய புதிய எட்ஜை வெளியிட்டது. உலகிலேயே பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றுக்கே தனியாக எஞ்சின் நடத்துவது கட்டுப்படியாகவில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐபோனில் குரோமோ பயர்பாக்சோ நிறுவியிருந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் இந்த விதியைத் தளர்த்தவேண்டியதாயிற்று.

எல்லோரும் ஒன்றையே வைத்திருந்தால் என்ன?

"எல்லோரும் குரோம்தானே, அதிலென்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உலாவல் அதில்தான் நடக்கிறது. நல்ல உலாவிதான். ஆனால் இணையம் இதற்குமுன் ஒருமுறை இந்த இடத்துக்கு வந்து, பட்டுத் தெளிந்திருக்கிறது.

2001ல் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்த காலத்தில் மைக்ரோசாப்ட்டுக்கு எதிரே நிற்க ஆளில்லை. விண்டோசோடு சேர்ந்தே வந்ததால் மக்கள் வேறொன்றைத் தேடவில்லை. போட்டி ஓய்ந்ததும் உலாவியின் வளர்ச்சியும் ஓய்ந்தது. அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. தளம் கட்டுபவர்கள் அந்த ஒரு உலாவியில் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்த நாடு தென் கொரியா. 1990களில் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம், வெளிநாடுகளுக்குப் போகும் உலாவிகளில் பலமான குறியாக்கத்தைத் தடுத்தது. வங்கிப் பரிமாற்றத்துக்கு அது போதாது என்று கொரியா 'சீட்' என்ற சொந்தக் குறியாக்க முறையை உருவாக்கியது. உலாவிக்குள் அதைச் செலுத்த ஆக்டிவ்எக்ஸ் என்ற செருகியைப் பயன்படுத்தினார்கள். ஆக்டிவ்எக்ஸ் ஓடியதோ இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும். அன்றைக்குப் பொறுப்போடு எடுத்த முடிவுதான். ஆனால் வங்கியும் அரசு அலுவலகமும் ஆண்டுக்கணக்கில் ஒரே உலாவியில் கட்டுண்டுபோயின. அதையொட்டி வளர்ந்த மின்சான்றிதழ் முறையின் தனிச் சட்ட அந்தஸ்து நீங்க 2020 டிசம்பர் ஆயிற்று. உலாவியே 2022 ஜூன் 15ல் ஓய்வு பெற்றது.

தமிழுக்கும் அந்தக் காலத்தில் இந்த நோய் இருந்தது. யூனிகோட் பரவாத நாள்களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தன. பக்கத்தோடு தானாக வந்திறங்கும் எழுத்துருக்களில் மைக்ரோசாப்ட்டின் வடிவம் ஒன்று, நெட்ஸ்கேப்பின் வடிவம் ஒன்று. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் தெரியாது. ஒரே மொழியில் எழுதிய செய்தி, கையில் இருக்கும் உலாவியைப் பொறுத்துத் தமிழாகவோ குப்பையாகவோ தெரிந்தது. பொதுத்தரம் வந்து எல்லா எஞ்சினும் அதற்குக் கட்டுப்பட்ட பிறகுதான் தமிழ் எங்கும் தமிழாகவே தெரியத் தொடங்கியது. பல எஞ்சின்கள் இருப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பேர் படிக்கும்போதுதான் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குப் பொதுவான இலக்கணம் தேவைப்படுகிறது. ஒருவரே படித்தால் அவர் படிப்பதுதான் இலக்கணம்.

வேகமும் நினைவகமும்

வேகத்தைப் பொறுத்தவரை இன்று மூன்று எஞ்சின்களும் நெருக்கமாகவே ஓடுகின்றன. ஜாவாஸ்கிரிப்டை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் நுட்பம் குரோமின் வி8, சஃபாரியின் ஜாவாஸ்கிரிப்ட்கோர், பயர்பாக்சின் ஸ்பைடர்மங்கி மூன்றிலும் உண்டு. வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் 3 என்ற சோதனையை 2024ல் ஆப்பிள், கூகுள், மொசில்லா மூன்றும் சேர்ந்தே வெளியிட்டன. வேகம் குறைகிறதென்றால் பெரும்பாலும் குற்றவாளி பக்கத்தில் குவிந்திருக்கும் விளம்பரங்களும் கண்காணிப்பு நிரல்களும்தான்.

உலாவி நினைவகத்தை விழுங்குகிறது என்ற புகாருக்குக் காரணம் இருக்கிறது. பழைய உலாவிகள் ஒண்டிக் குடித்தனம்போல. எல்லாத் தளங்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஒரு அடுப்பு பற்றிக்கொண்டால் மொத்த வீடும் போய்விடும். இன்றைய உலாவிகள் தளங்களைத் தனித்தனி வீடுகளாகப் பிரிக்கின்றன. ஒரு டேப் செத்தால் மற்றவை பிழைக்கும். அதைவிட முக்கியம், ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தை எட்டிப்பார்க்க முடியாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற சிப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது இந்தப் பிரிவினையின் அவசியம் எல்லோருக்கும் உறைத்தது. அதே ஆண்டு மேசைக்கணினிக் குரோமில் இது முழுமையாக வந்தது. பயர்பாக்சில் 2021ல் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சமையலறை வேண்டுமல்லவா? உலாவி கூடுதல் ரேம் எடுப்பது அதனால்தான். வங்கித் தளமும் ஏதோ ஒரு விளையாட்டுத் தளமும் பக்கத்துப் பக்கத்து டேப்பில் இருக்கும் நாளில், அது கொடுக்கத் தகுந்த விலை.

ரகசியமும் கூலியும்

1994ல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி குக்கீயை உருவாக்கியபோது அதன் நோக்கம் நல்லது. கடையில் நாம் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைக்க ஒரு சிறு சீட்டு. பிறகு விளம்பர நிறுவனங்கள் பல தளங்களில் தங்கள் நிரலை வைத்து, ஒரே சீட்டைக் கொண்டு நாம் எங்கெங்கே போகிறோம் என்று பின்தொடரத் தொடங்கின. இவை மூன்றாம் தரப்புக் குக்கீகள்.

உலாவிகளின் குணம் பிரிவது இந்த இடத்தில்தான். சஃபாரி 2020 மார்ச்சில் இவற்றை முழுவதும் தடுத்தது. பயர்பாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனி ஜாடியில் பூட்டிவைக்கும் முறையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. பிரேவ் விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தொடக்கத்திலேயே தடுக்கிறது. இரண்டு ஆண்டுகளில் நிறுத்துவோம் என்று 2020ல் சொன்ன குரோம், பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது.

விளம்பரத் தடுப்பு நீட்சிகளிலும் இதே பிரிவு தெரிகிறது. யூபிளாக் ஆரிஜின் போன்ற நீட்சிகள் முன்பு உலாவியிலிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் வழியில் நிறுத்திப் பார்த்தன. குரோமின் புதிய முறையில் நீட்சி முன்கூட்டியே ஒரு விதிப்பட்டியலைக் கொடுக்கலாம். நிறுத்துவது உலாவியின் கையில். எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய நீட்சி தீயவர் கையில் ஆபத்து என்ற கூகுளின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனாலும் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் இப்போது குரோமில் ஓடுவதில்லை, பயர்பாக்சில் ஓடுகிறது.

இன்காக்னிட்டோ என்ற தனிப்பட்ட உலாவல் முறை பற்றியும் தெளிவு வேண்டும். அது நம் கணினியில் தடம் பதியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இணையச் சேவை தருபவருக்கும், போகும் தளத்துக்கும், அலுவலக வலையமைப்பை நிர்வகிப்பவருக்கும் நாம் தெரிந்தே இருக்கிறோம்.

இனிக் கூலி. உலாவிக்கு நாம் பணம் கொடுப்பதில்லை, யாரோ கொடுக்கிறார்கள். சஃபாரியில் கூகுள் தேடல் முதலில் நிற்பதற்கு 2022ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. மொசில்லாவின் வருவாயிலும் பெரும்பகுதி கூகுளிடமிருந்து இதே வகையில் வருகிறது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். குரோமை விற்கவேண்டும் என்ற அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை. கூகுளுக்கு மாற்றாக நிற்கும் உலாவியே கூகுளின் பணத்தில் பிழைக்கிறது என்பது வருத்தமான உண்மை. மாற்று உலாவி எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டுகிறது.

என் வீட்டில் எது, உங்கள் வீட்டில் எது?

நான் வாசிப்புக்கும் எழுத்துக்கும் பயர்பாக்ஸ் வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போனிலும் அதுவே. அங்கும் நீட்சிகள் ஓடும் என்பது முக்கியக் காரணம். சில அலுவலகப் படிவங்கள் அதில் நகர மறுக்கின்றன. போன மாதம் ஒரு படிவத்தை மூன்று முறை நிரப்பியும் 'சமர்ப்பி' பொத்தான் அசையவில்லை. குரோமில் ஒரே முறையில் போனது. அதற்காகவே இரண்டாவது உலாவி ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வைத்துக் கொடுத்திருப்பது எட்ஜ். கண் மங்கியபின் அவரால் அரைப்பக்கத்துக்குமேல் படிக்க முடியவில்லை. எட்ஜில் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கும் வசதி இருக்கிறது. தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் போன்ற குரல்கள் உண்டு. அப்பாவின் தேர்வு வள்ளுவர். தலையங்கத்தை அவர் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, எது சிறந்த உலாவி என்ற கேள்விக்கு ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பது எனக்கு உறுதியாகிறது.

மேக் மடிக்கணினியில் மின்சாரம் இல்லாமல் நெடுநேரம் வேலை செய்பவருக்கு, அந்த வன்பொருளுக்கென்றே தீட்டப்பட்ட சஃபாரி பொருந்தும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில், உறங்கும் டேப் வசதியை எட்ஜிலோ குரோமிலோ இயக்கிவிட்டு ஒரு விளம்பரத் தடுப்பானையும் சேர்த்தால் வித்தியாசம் தெரியும். பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு வேண்டுமானால் சோஹோவின் உலா இருக்கிறது. 2023ல் வந்த அந்த உலாவியில் வேலை, வீடு, குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் உண்டு. இந்திய அரசு நடத்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசும் வாங்கியது. தமிழ்ப் பெயர் சூடிய அந்த உலாவிக்குள்ளும் ஓடுவது பிளிங்க்தான்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது: அப்டேட். ஓட்டைகள் வாராவாரம் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படுகின்றன. "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிய அப்டேட், பூட்டாமல் விட்ட வாசல். மாற்றிப் பார்க்கத் தயங்கவும் வேண்டாம். புக்மார்க்கையும் கடவுச்சொற்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துப்போகச் சில நிமிடங்கள் போதும். ஒரு வாரம் உங்கள் வழக்கமான தளங்களையே இரண்டிலும் திறந்து பாருங்கள். எந்தப் பட்டியலையும்விட உங்கள் கைக்கும் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்.

இணையதளம் கட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊர் நூலகத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ பள்ளிக்கோ பக்கம் செய்கிறீர்கள் என்றால், ஒப்படைக்கும் முன் அதைக் குரோமில் ஒருமுறையும் பயர்பாக்சில் ஒருமுறையும் ஒரு ஐபோனிலும் திறந்து, கடைசிப் பொத்தான்வரை அழுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலை. எழுத்துக்குப் பதில் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: நீங்கள் அனுப்பும் கடிதத்தை, எந்தத் தபால்காரர் கொண்டுவந்தாலும் படிக்க முடியவேண்டும்.